கணினிக்குள் ஒரு கணினி. அதற்கு மணி என்ன?

(சர்வர் அறை – வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் நேரம் பற்றியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். விர்ச்சுவல் மெஷின், அதாவது நிஜக் கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி, வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் இந்தத் தொல்லையில் மாட்டியே தீர்வார்கள் போலிருக்கிறது. பிரின்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

கே: லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு வைத்திருக்கிறேன். இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தால், வெளியே விண்டோஸ் சரியான மணி காட்டுகிறது. உள்ளே உபுண்டுவில் இன்னும் நேற்றிரவு 11 மணி! மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால், 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, ஏழு மணி நேரம் கழித்துத்தான் செல்லும்' என்று ஏதோ சொல்கிறது. வைரஸா?
– பொறியியல் மாணவர், சேலம்

ப: வைரஸ் இல்லை, தம்பி. உபுண்டு பொய்யும் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த வரையில் இப்போது நேற்றிரவு 11 மணிதான்.

மதர்போர்டில் காசு அளவு பேட்டரியோடு ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதை இயங்குதளம் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தக் கடிகாரம் நொடிக்குக் கீழே எதையும் சொல்லாது, படிக்கவும் தாமதமாகும். அதனால் கணினி எழும்போது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை ஒரு முறை படித்துக்கொள்ளும். அதன்பின் தன் நினைவகத்தில் தானே கணக்கு வைத்துக்கொண்டு போகும். திரையின் மூலையில் தெரிவது அந்தக் கணக்கு.

சாதாரண லேப்டாப் தூங்கப்போகும்போது, தூங்கவைப்பது கெர்னலே. எனவே எழுந்ததும் பேட்டரிக் கடிகாரத்தை மறுபடி படித்துச் சரிசெய்துகொள்ள அதற்குத் தெரியும். உங்கள் உபுண்டுவுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. நீங்கள் மூடியை இறக்கியதும் விண்டோஸ் தூங்கியது. விர்ச்சுவல்பாக்ஸ், உள்ளே ஓடிய உபுண்டுவை அப்படியே உறையவைத்தது. காலையில் விட்ட இடத்திலிருந்து அடுத்த கட்டளை ஓடியது. இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஓர் இரவு கழிந்திருக்கிறது. அதை உள்ளே இருப்பவருக்குச் சொல்ல ஆளில்லை.

மென்பொருள் புதுப்பிப்பு முரண்டு பிடித்ததும் இதனால்தான். சர்வரிலிருந்து வந்த பட்டியலில் இன்று விடியற்காலைத் தேதி போட்டிருக்கும். நேற்றிரவில் நிற்கும் உபுண்டுவுக்கு அது எதிர்காலத்திலிருந்து வந்த கடிதம். சந்தேகப்பட்டது நியாயமே.

'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை மென்பொருளை உபுண்டுவுக்குள் நிறுவுங்கள். அது 10 நொடிக்கு ஒரு முறை வெளியே மணி கேட்டுப் பார்க்கும். வித்தியாசம் சிறிதென்றால் கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டிச் சமன்செய்யும். 20 நிமிடத்துக்கு மேல் என்றால் நேரடியாகத் திருத்திவிடும். மெஷின் இருக்கும் நிலையை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்து மூன்று மாதம் கழித்து மீட்டெடுத்தாலும் இதே கதை நடக்கும் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் அலுவலகத்தில் மிகப் பழைய லினக்ஸ் ஒன்று, அதைவிடப் பழைய மென்பொருளுக்காக, விர்ச்சுவல் மெஷினாக உயிரோடு வைக்கப்பட்டிருக்கிறது. கடிகாரம் பகலில் பின்தங்குகிறது. சில நாள் இரவில் முந்தி ஓடுகிறது! பின்தங்குவது புரிகிறது, முந்துவது எப்படி?
– கணினிப் பிரிவு அலுவலர், மதுரை

ப: அருமையான கேள்வி அம்மா. இதற்கு 1981-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 14.31818 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் படிகம் ஒன்று இருந்தது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறச் சைகைக்கு உரிய அதிர்வெண்ணைப் போல அது நான்கு மடங்கு. அதை மூன்றால் வகுத்து பிராசஸருக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள். பன்னிரண்டால் வகுத்து டைமர் சிப்புக்கு 1.193182 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள். ஒரே படிகத்தில் எல்லா வேலையும் முடிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பொருந்திய அந்த விசித்திர எண் இன்றும் நம் சர்வர்களில் போலி டைமராக உயிர் வாழ்கிறது. சிக்கனம் எத்தனை தலைமுறை நீளும் பாருங்கள்.

அந்த டைமர் சீரான இடைவெளியில் பிராசஸரைத் தட்டும். ஒவ்வொரு தட்டும் ஒரு 'டிக்'. பழைய லினக்ஸ் 2.4-இல் நொடிக்கு 100 டிக், 2.6 வந்தபோது 1,000, பிறகு 2.6.13-இல் வழக்க அளவை 250-ஆகக் குறைத்தார்கள். கெர்னல் தட்டுகளை எண்ணும். ஆயிரம் தட்டு என்றால் ஒரு நொடி போயிற்று என்று எழுதிக்கொள்ளும். நிஜக் கணினியில் இது போதும்.

ஒரே பெட்டியில் இருபது விர்ச்சுவல் மெஷின்கள் இருந்தால்? நொடிக்கு 20,000 தட்டுகள், அதுவும் சும்மா இருக்கும்போதே. பிராசஸரோ முறை வைத்துத்தான் கிடைக்கும். உங்கள் பழைய லினக்ஸ் தன் முறைக்காக 30 மில்லி நொடி காத்திருந்தால், அதற்குள் 30 தட்டுகள் வந்திருக்க வேண்டும். ஆனால் தட்டுகளைப் பிராசஸரிடம் சேர்க்கும் இன்டரப்ட் சிப்பில் ஒரு கம்பிக்கு ஒரு தட்டுதான் நிலுவையில் நிற்க முடியும். மிச்சம் 29 காணாமற் போகும். கோயில் பிராகாரத்தில் நூற்றெட்டுச் சுற்று எண்ணிக்கொண்டு வருபவரை நடுவில் நிறுத்தி ஊர்க்கதை பேசியது போலத்தான்: சுற்று குறைந்துவிடும், குறைந்தது அவருக்கே தெரியாது. பகலில் மற்ற மெஷின்களுக்கும் வேலை இருப்பதால் நிறுத்தல் அதிகம். ஆகவே பகலில் பின்தங்கல்.

இப்போது முந்துவதற்கு வருகிறேன். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இந்த இழப்பைப் பார்த்த விஎம்வேர் போன்ற ஹைப்பர்வைசர்காரர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். தவறிய தட்டுகளைக் கணக்கில் வைத்திருந்து, விர்ச்சுவல் மெஷினுக்கு முறை வரும்போது வேகவேகமாக அடுத்தடுத்துத் தட்டிக் கடனை அடைப்பது. நல்ல யோசனை. ஆனால் லினக்ஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2.6-இன் சில பதிப்புகளில், ஒவ்வொரு தட்டு வரும்போதும் வேறொரு கடிகாரத்தைப் பார்த்து 'நடுவில் எத்தனை தவறின' என்று கணித்துத் தானே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்தார்கள். வெளியிலிருப்பவரும் கடனை அடைக்கிறார், உள்ளே இருப்பவரும் அதே கடனைத் தள்ளிக் கணக்கு எழுதுகிறார். கடன் இரட்டிப்பாக அடைபட்டால் கடிகாரம் முந்தாமல் என்ன செய்யும்? இரவில் பேக்கப் ஓடும்போது பெட்டி திணறி, பிறகு அடங்கும். உங்கள் கடிகாரம் முந்திய இரவுகளைப் பேக்கப் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் பில் எழுதும் மெஷின் ஒன்று, பணம் பெறும் மெஷின் ஒன்று, இரண்டும் ஒரே பெட்டியில். பில் போடுவதற்கு நான்கு நிமிடம் முன்பே பணம் வந்துவிட்டதாகப் பதிவு. கணக்காளர் அதை மோசடி என்றே முடிவுகட்டி, பணம் வாங்கும் மேசையில் இருந்தவரை ஒரு மாலை முழுக்கக் குடைந்தார். அந்தப் பையன் பாவம்.

உங்களுக்கு வைத்தியம்: உங்களுடையது ரெட் ஹாட் 5 குடும்பம் என்றால், பூட் வரியில் (கணினி எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'டிவைடர்' என்ற அளவை 10 என்று கொடுத்தால் நொடிக்கு 1,000 தட்டு 100 ஆகக் குறையும், இழப்பும் பெருமளவு குறையும். தவறிய தட்டுகளைக் கணிக்கும் வேலையை உள்ளே நிறுத்தலாமா என்று விஎம்வேரின் பழைய ஆவணங்களில் உங்கள் கெர்னல் பதிப்புக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2007-இல் வந்த 2.6.21 முதல் சும்மா இருக்கும்போது தட்டவே வேண்டாம் என்ற ஏற்பாடு லினக்ஸில் வந்துவிட்டது. அந்தப் பழைய மென்பொருளை எப்படியாவது புதிய கெர்னலுக்கு நகர்த்த முடியுமா என்று மேலதிகாரியைக் கேளுங்கள். முடியாது என்பார். இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள்.

கே: லினக்ஸ் சர்வரில் விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாகப் போட்டேன். மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. மாற்றினாலும் மறுபடி பூட் செய்தால் பழையபடி.
– வாசகர், ஈரோடு

ப: ஐந்தரை என்று சொன்னபோதே நோய் தெரிந்துவிட்டது. பேட்டரிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருக்கும் என்று லினக்ஸ் எதிர்பார்க்கும். உள்ளூர் நேரம் இருக்கும் என்று விண்டோஸ் எதிர்பார்க்கும். உங்கள் ஹைப்பர்வைசர், விண்டோஸுக்குக் காட்டும் போலிக் கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதி வைத்திருக்கிறது. மெஷின்களை நிர்வகிக்க லிப்வர்ட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்த மெஷினின் அமைப்பில் கடிகாரத்தை 'லோக்கல்டைம்' என்று மாற்றுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் சிஸ்டம் பக்கத்தில் கடிகாரம் பொது நேரத்தில் என்ற டிக் குறியை எடுத்துவிடுங்கள்.

கே: கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் மேல் ஓடும் என் லினக்ஸில், மணி பார்க்கும் மூலமாக 'கேவிஎம்-கிளாக்' இருக்கிறது. அதை 'டி.எஸ்.சி.' என்று மாற்றினால் வேகம் கூடும் என்கிறார் நண்பர். மாற்றலாமா?
– மென்பொருளாளர், பெங்களூரு

ப: முதலில் இவை இரண்டும் என்ன என்று பார்த்துவிடுவோம். 1993-இல் வந்த பென்டியம் முதல், பிராசஸருக்குள்ளேயே துடிப்புகளை எண்ணும் பதிவேடு ஒன்று உண்டு. அதுதான் டி.எஸ்.சி. படிக்க மிக மலிவு. ஆனால் நெடுநாள் அதை நம்ப முடியவில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பிராசஸர் வேகத்தைக் குறைத்தால் அதுவும் மெதுவாகும்; பல கோர் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஓர் எண். வேகம் எப்படி மாறினாலும் ஒரே சீராக ஓடும் டி.எஸ்.சி. இன்டெலில் 2008-ஐ ஒட்டி நெஹேலம் தலைமுறையில் வந்தது.

சீராக ஓடினாலும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஓர் இக்கட்டு மிச்சம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டியில் எழுந்த மெஷினை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 3 கிகாஹெர்ட்ஸ் பெட்டிக்கு நகர்த்தினால், உள்ளே இருப்பவர் பழைய வேகத்தை நம்பி எண்ணுவார். ஒரு நொடி அவருக்கு ஒன்றேகால் நொடியாகத் தெரியும். டி.எஸ்.சி.யை வேண்டிய விகிதத்தில் மாற்றிக் காட்டும் வசதி பிந்தைய பிராசஸர்களில் உண்டு. இல்லாத பெட்டிகளும் இன்னும் ரேக்கில் இருக்கின்றன.

கேவிஎம்-கிளாக் இதற்குச் சொன்ன தீர்வு எனக்கு மிகப் பிடித்த ஒன்று. இந்த வழியை ஜென் என்ற இன்னொரு ஹைப்பர்வைசர் முதலில் போட்டுக் காட்டியது. விருந்தாளியாக இருக்கும் மெஷினும் பெட்டியும் நினைவகத்தில் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும். பெட்டி அதில் எழுதிவைக்கும்: 'டி.எஸ்.சி. இந்த எண்ணில் இருந்தபோது நேரம் இவ்வளவு. ஒரு துடிப்பை நானோ நொடியாக்க இந்த எண்ணால் பெருக்கிக்கொள்.' மெஷின் டி.எஸ்.சி.யைப் படித்து, வித்தியாசத்தைப் பெருக்கி, கூட்டிக்கொள்ளும். வெளியே ஆளனுப்பவும் வேண்டாம், தட்டுகளை எண்ணவும் வேண்டாம். பெட்டி மாறினால் பக்கத்தில் உள்ள பெருக்கு எண் மாறும், அவ்வளவே. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படித்துவிடக் கூடாது அல்லவா? அதற்கும் ஒரு பதிப்பு எண் இருக்கிறது. அது ஒற்றைப்படையாக இருந்தால் எழுத்து முடியவில்லை, மறுபடி வா என்று பொருள். பத்திரப் பதிவு அலுவலகத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி-யும் இதே வழியில், 100 நானோ நொடி அலகில், ஒரு பக்கம் வைத்திருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்வது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அமேசான் கிளவுடின் பழைய ஜென் மெஷின்களில் நேரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய்வர வேண்டியிருந்தது, டி.எஸ்.சி.க்கு மாற்றியவர்கள் பெரிய வேகத்தைக் கண்டார்கள். கேவிஎம்-கிளாக்கில் பொதுவாக அந்தப் பயணம் இல்லை. புதிய பிராசஸர், நகராத மெஷின், அளந்து பார்த்து லாபம் உறுதி என்றால் மாற்றுங்கள். நண்பர் சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

கே: தணிக்கைக்கு வந்தவர், 'எல்லா மெஷினிலும் என்.டி.பி. ஓடுகிறதா, எந்த சர்வரோடு' என்று கேட்டார். எங்களிடம் ஹைப்பர்வைசர் கருவியும் நேரம் திருத்துகிறது, வலை வழியே சர்வரிடம் மணி கேட்கும் என்.டி.பி.யும் திருத்துகிறது. இரட்டைப் பாதுகாப்பு என்று சொன்னேன். அவர் முகம் மாறியது.
– அமைப்பு நிர்வாகி, சென்னை

ப: என் முகமும் மாறுகிறது. இரண்டு பேர் கையில் ஒரு முள்ளைக் கொடுக்காதீர்கள். ஒருவர் மெதுவாக நகர்த்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் திடீரென்று இழுப்பார். முதலாமவர் அதைப் படிகத்தின் பிழை என்று நம்பி வேகத்தையே மாற்றுவார். பிறகு முள் இருவர் பேச்சையும் கேட்காது.

சர்வர்களுக்கு என் தேர்வு: என்.டி.பி. வகை ஒன்று மட்டும் உள்ளே. ஹைப்பர்வைசரின் அவ்வப்போதைய திருத்தல் நிறுத்தம். பழைய என்.டி.பி. நிரலின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 128 மில்லி நொடிக்குள் பிழை என்றால் மெல்லத் தள்ளும்; அந்த மெல்லத் தள்ளலின் உச்ச வேகம் பத்து லட்சத்தில் 500 பங்கு, நாளுக்கு 43 நொடி. பத்து நிமிடப் பிழையை அந்த வேகத்திலேயே தீர்க்க ஏறக்குறைய 14 நாள் ஆகும். 128-ஐத் தாண்டினால் குதித்துச் சரிசெய்யும். 1,000 நொடியைத் தாண்டிவிட்டால், 'இங்கே ஏதோ பெரிய விபரீதம்' என்று முடிவுகட்டி நிரல் தன்னையே நிறுத்திக்கொள்ளும். நிஜக் கணினிக்கு அது விவேகம். இடைநிறுத்தி மறுநாள் எழுப்பப்படும் விர்ச்சுவல் மெஷினுக்கு அது நாசம். அதன்பின் நேரத்தைப் பார்க்க ஆளே இருக்காது. குரோனி என்ற நிரல் அதற்கு நல்ல மாற்று. எத்தனை நொடிக்கு மேல் குதிக்கலாம், எத்தனை முறை குதிக்கலாம் என்று நீங்களே சொல்லலாம். கே.வி.எம். என்றால் பெட்டியின் கடிகாரத்தையே ஒரு பி.டி.பி. (துல்லிய நேரம் தரும் முறை) சாதனமாக உள்ளே காட்டி, குரோனியை அதிலிருந்து படிக்க வைக்கலாம். வலைப்பாதையின் தாமதம் இடையில் வராது. இப்படிச் செய்தால் பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

எந்த சர்வர் என்பதற்கு: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட உத்தரவின்படி, தேசியத் தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்.டி.பி. சர்வரோடு, அல்லது அவற்றைத் தொடர்ந்து வரும் சர்வரோடு இணைய வேண்டும். எனவே பெட்டிகள் இரண்டு அந்தச் சர்வர்களிடம் கேட்கட்டும். மற்ற மெஷின்கள் அந்த இரண்டிடம் கேட்கட்டும். தணிக்கையாளருக்கு ஒரு படம் வரைந்து கொடுங்கள். அவர்களுக்குப் படம் பிடிக்கும்.

கே: நான் மெயின்ஃபிரேமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்திலேயே விர்ச்சுவல் மெஷின் இருந்தது. இந்தக் கூத்தெல்லாம் அங்கே கிடையாதே?
– வாசகர், ஸ்ரீரங்கம்

ப: வணக்கம் ஐயா. இருந்தது, ஆனால் கொஞ்சம் கண்ணியமாக இருந்தது. ஐ.பி.எம். 360 வரிசையில் நினைவகத்தின் 80-ஆம் முகவரியில் இருந்த இடைவெளி டைமர் நினைவிருக்கும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட 1972-இல் அறிவிக்கப்பட்ட வி.எம்./370-இல், ஒரு விர்ச்சுவல் மெஷினின் அந்த டைமர் அது பிராசஸரைப் பயன்படுத்தும்போது மட்டுமே நகரும். காத்திருக்கும் நேரமும் கணக்கில் வர வேண்டுமென்றால் 'ரியல்டைமர்' என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். நீ உழைத்த நேரம் வேறு, ஊரில் கழிந்த நேரம் வேறு என்று அன்றே பிரித்துவைத்துக் கேட்டிருக்கிறார்கள். இன்றைய லினக்ஸின் 'டாப்' திரையில் 'எஸ்.டி.' என்று ஓர் எண் வருகிறதே, உனக்கு வர வேண்டிய பிராசஸர் நேரத்தில் அயலார் கொண்டுபோனது எவ்வளவு என்று, அதன் மூதாதை இங்கேதான்.

பொழுது பார்க்க 370-இல் தனிக் கடிகாரமே இருந்தது. 1900 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்ட 64 பிட் எண். அதைப் படிக்கும் கட்டளைக்குச் சிறப்பு அனுமதி தேவையில்லாததால், எந்த விர்ச்சுவல் மெஷினும் நேரே படித்துக்கொள்ளும். திருத்தும் கட்டளை மட்டும் மேலாளர் கையில். எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்டுத் தெரிந்துகொள் என்ற இந்த முறைக்கு பி.சி. உலகம் வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெருமைப்பட உங்களுக்கு உரிமை உண்டு. கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த 64 பிட் எண் 2042 செப்டம்பர் 17-இல் நிரம்பிவிடும்.

கே: 30 நாள் இலவசச் சோதனை மென்பொருள் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் போட்டு, தேதியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால்...?
– பெயர் வேண்டாம், திருச்சி

ப: உங்கள் பெயரைப் போடப்போவதில்லை. தேதியைப் பின்னுக்குத் தள்ளியதும் இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி சண்டைபோடும். 30 நொடிக்கு ஒரு முறை மாறும் ஒருமுறைக் கடவுச்சொல் பொருந்தாது. அலுவலக நெட்வொர்க்கில் உள்ளே வருபவரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இருந்தால் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கே உள்ளே விடாது. நாளை, நிதியாண்டு முடிவில் உங்கள் சொந்த நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிப்பதற்காக என்றால், கியூஎமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் 'ஆர்டிசி பேஸ்' என்ற விருப்பத்தில் வேண்டிய தேதியைக் கொடுத்து எழுப்பலாம், உள்ளே என்.டி.பி.யை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் அது உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றபடி அந்த மென்பொருளின் விலையை எழுதி அனுப்புங்கள், இலவச மாற்று இருந்தால் சொல்கிறேன்.